அறுபத்திரண்டு சதவீதத்தில் நிறுத்திய டிஸ்க்

1. இன்னும் ஆறு மாசம் ஓடும்

கோரிப்பாளையத்தில் இப்ராகிம் பாய் கடையில் நான் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். இன்ஜினியர் என்பது போர்டில் எழுதுவதற்காகச் சொன்னது. படித்தது ஐடிஐ. டிவி, யுபிஎஸ், கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவன். நாற்பது ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பை மேஜையில் வைத்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்த காலம் அது.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் தனிக் கடை போட்டுவிட்டார்கள். அவ்வப்போது போன் செய்து, டிஸ்க்கை எப்போது மாற்றச் சொல்ல வேண்டும், குளோன் போடலாமா, புதிதாக விண்டோஸ் போடலாமா என்று கேட்பார்கள். கேள்வி சின்னதுதான். எனக்கு இதைப் பற்றி யோசித்தாலே துளசிராம் சார் ஞாபகம் வந்துவிடும். அதனால் போனில் சொல்லாமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

துளசிராம் சார் ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க். சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. ஒரு ஆடி மாதம் மத்தியானம் லேப்டாப்பைப் பூத்துவாலையில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் இருந்த அண்ணன் மகன் பழசு என்று கொடுத்துவிட்டுப் போனது. டிஸ்க்கில் இடமில்லை என்று திரையில் எழுதிக்கொண்டே இருக்கிறது என்றார்.

திறந்து பார்த்தேன். சினிமாப் படமாக அடைத்து வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ‘பாடம்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆடியோ ஃபைல்கள். ஒன்றைத் தட்டினேன். “பக்கம் நூற்றுப் பன்னிரண்டு” என்று அவருடைய குரலே வந்தது. தொடர்ந்து வரலாற்றுப் பாடம். கணீரென்ற குரல். நிறுத்தி நிதானமாக, காற்புள்ளி இருக்கும் இடம்கூடத் தெரிகிற மாதிரி வாசித்திருந்தார்.

விசாரித்தபோதுதான் சொன்னார். அவர் கல்லூரியில் பார்வையில்லாத பிள்ளைகள் சிலர் படித்தார்கள். பாடப் புத்தகங்களை யாராவது வாசித்துக் காட்டினால்தான் அவர்களுக்குப் படிப்பு. ஒரு பரீட்சை சமயத்தில் ஆள் கிடைக்காமல் இவர் உட்கார்ந்து வாசித்தார். அப்படியே பழக்கமாகிவிட்டது. முதலில் கேசட், பிறகு லேப்டாப். தினமும் ஆபீஸ் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் வாசித்துப் பதிவு செய்வார். ஒரு புத்தகம் முழுதும் முடிந்ததும் பிரவுசிங் சென்டரில் கொடுத்து சிடியாகப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பாதிப் புத்தகத்தைக் கொடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. வாசித்ததில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும், அதனால் முழுசாக முடித்துச் சரிபார்த்துத்தான் வெளியே விடுவார்.

டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டேன். நல்ல டிஸ்க் ஓடினால் லேசான ரீங்காரம் மட்டும் இருக்கும். இதில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று ஒரு சத்தம். செக் செய்ததில் பேட் செக்டர் ஏழெட்டு. அதாவது டிஸ்க்கின் தட்டில் அங்கங்கே சொத்தை விழ ஆரம்பித்திருக்கிறது. அன்றைக்கே மாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ‘மாத்துங்க’ என்று சொல்கிறவனை ஜனங்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ‘இப்ப வேணாம் சார், இன்னும் ஓடும்’ என்று சொல்கிறவனுக்கு நல்ல பேர். அந்த நல்ல பேர் மேல் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். வேண்டாத ப்ரோகிராம்களை அழித்து ஐந்தாறு ஜிபி காலி செய்து கொடுத்தேன். இன்னும் ஆறு மாசம் ஓடும் என்றேன். அவர் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கும்பிட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2. அணைக்காமல் கொண்டுவந்தார்

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் கடை வாசலில் ஆட்டோ நின்றது. துளசிராம் சார் இறங்கினார். லேப்டாப் மூடி திறந்திருந்தது, திரையில் வெளிச்சம் இருந்தது. பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். பின்னால் ஒரு பெண் அவருடைய சட்டை முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயர் செல்வி. வாடிப்பட்டிப் பக்கம். அவருடைய கல்லூரியில் படித்து முடித்து, ஆசிரியர் வேலைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது.

அவர் வாயைத் திறந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கணீர்க் குரல் இல்லை. தொண்டையில் மணலை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கரகரவென்று இருந்தது.

“ஆஃப் பண்ணினா எந்திரிக்க மாட்டேங்குது தம்பி. முந்தாநேத்து மூணு தடவை போட்டும் வரலை, நாலாவது தடவைதான் வந்துச்சு. அதான் பயந்துக்கிட்டு ஓட விட்டே கொண்டாந்தேன்.”

இதை அவர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். சில டிஸ்க்குகள் அப்படித்தான். சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும்வரை சுற்றும். நிறுத்தி ஆறவிட்டால் உள்ளே இறுகிவிடும், மறுபடி சுற்றாது. ரீஸ்டார்ட் செய்தால் ஆபத்தில்லை, கரண்டை எடுத்தால்தான் ஆபத்து. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதே வாரம் இன்னொருவருக்கு இதைப் பாடமாகவே எடுத்திருந்தேன்.

பிறகு அவர் தன் விஷயத்தைச் சொன்னார். தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டுமாம். தேதி குறித்தாகிவிட்டது, சரியாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு வராது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. செல்வியின் பரீட்சைக்கு வேண்டிய மூன்று புத்தகங்களில் இரண்டரை முடிந்துவிட்டது, மீதி அரைப் புத்தகத்தை நாலைந்து நாளில் முடித்துவிட்டால் மூன்றையும் சேர்த்து சிடி போட்டுக் கொடுத்துவிடலாம், டிஸ்க்கில் மட்டும் இடமில்லை என்றார். அவருக்குத் தேவை பெரிய டிஸ்க், இரண்டு நாளில் லேப்டாப் திரும்பக் கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

செல்வி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “சார் வாசிச்சது ஒண்ணும் அழியாதுல்லண்ணே?” என்று கேட்டாள்.

அழியாது என்றேன். என் குரலில் அவ்வளவு தைரியம்.

டவுன்ஹால் ரோட்டில் டீலரிடம் எண்பது ஜிபி டிஸ்க் வாங்கி வந்தேன். இங்கே இளம் ஆட்கள் கவனிக்க வேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ‘பாடம்’ ஃபோல்டரை மட்டும் முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுப்பது. அதிலும் செல்விக்கு வேண்டிய மூன்று புத்தகத்தை முதலில் எடுத்தால் மூன்று, நாலு மணி நேரத்தில் அது பத்திரம். இன்னொன்று, மொத்த டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே குளோன் எடுப்பது. குளோன் எடுத்தால் விண்டோஸ், தமிழ் எழுத்து, அவர் பழகிய பதிவு ப்ரோகிராம் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். மறுபடி எதையும் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. சுத்தமான வேலை.

நான் சுத்தமான வேலையைத் தேர்ந்தெடுத்தேன். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் சுத்தமான வேலைக்கு இடமில்லை. இது இப்போது தெரிகிறது.

புது டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு மாட்டி, சிடியிலிருந்து ரீஸ்டார்ட் செய்து, சாயந்திரம் குளோனை ஓட விட்டேன். பழைய லேப்டாப், யுஎஸ்பி ஆமை வேகம். அதோடு சொத்தை விழுந்த இடம் வரும்போதெல்லாம் டிஸ்க் நின்று, முக்கி, திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தது. யுபிஎஸ்ஸோடு சேர்த்து, மேலே சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு சமயநல்லூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

3. பூஜை

எங்கள் கடையில் ஆயுத பூஜை ஒரு தனிக் கதை. முதலாளி முஸ்லிம், தர்கா பக்கத்திலேயே வீடு. வேலைக்காரர்கள் மூன்று பேரும் இந்துக்கள். பாய் வருடா வருடம் ஒன்றையே சொல்வார்: “பூஜை ஒங்க பொறுப்பு, பொரி என் பொறுப்பு.” சொன்னபடி பொரி, கடலை, வாழைப்பழம், பூசணிக்காய் எல்லாம் அவரே வாங்கி வந்துவிடுவார். பூஜை முடியும்வரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற கஸ்டமரிடம் இன்னைக்கு ஆயுத பூஜை, நாளைக்கு வாங்க என்று அவர்தான் சொல்லி அனுப்புவார்.

பூஜைக்குப் பெரியவன் நான். ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் துடைத்து வாழையிலையில் பரப்புவோம். மானிட்டர், சிபியூ ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது, எதுவும் ஓடக்கூடாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. அதற்கு முந்தின வருடம் இன்னொரு பையன் அவசரம் என்று ஒரு மிஷினை ஓட விட்டிருந்தான். அந்த வாரமே அதன் போர்டு புகைந்துபோனது. பூஜை அன்றைக்கு ஓட விட்டதால்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் எலி ஒயரைக் கடித்திருந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் குளோன் அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் அரை மணி நேரம் எடுக்க ஆரம்பித்திருந்தது. முடிய அடுத்த நாள் காலை ஆகும். மற்ற மிஷின்கள் எல்லாம் அணைந்து, சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. இது ஒன்று மட்டும் மூலையில் முனகிக்கொண்டிருந்தது.

பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். நேற்று துளசிராம் சார் சொன்னதை எல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“அந்த ஒண்ணு மட்டும் ஓடட்டுமேப்பா. மேல ஒரு துணியப் போட்டு மூடிக்க.”

“எல்லாத்தையும் வச்சுட்டு ஒண்ணை மட்டும் ஓட விட்டா அது பூஜையா பாய்? ஒரு நாள்தான. நாளைக்குக் காலைல முதல்லருந்து ஓட விட்டாப் போச்சு.”

“அவரு அணைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாருல்ல?”

“நான் பாத்துக்கிறேன் பாய்.”

பாய் வாசல் ஸ்டூலுக்குத் திரும்பிப் போய்விட்டார். எங்கள் சாமி விஷயத்தில் அவர் ஒரு எல்லைக்கு மேல் பேச மாட்டார். அந்த மரியாதையை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. பழியை அவர் மேல் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் எனக்குள் பக்தி மட்டும் இருந்தது என்று சொல்ல மாட்டேன். போன வருடம் அந்தப் பையனை அவ்வளவு பேசிவிட்டு, இந்த வருடம் நானே ஒன்றை ஓட விட்டால் என் பேச்சுக்கு மரியாதை இருக்காது. அதுதான் பெரிதாக இருந்தது. கேன்சல் கொடுத்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். டிஸ்க் சுற்றி நிற்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும், அது வந்தது. மூடி மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஒரு பூவும் கிள்ளி வைத்தேன்.

4. மறுநாள்

விஜயதசமி காலை ஒன்பது மணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு முதல் வேலையாக அந்த லேப்டாப்பைத்தான் போட்டேன். டிஸ்க் சுற்றவில்லை. திரையில் டிஸ்க் இல்லை என்று வந்தது. மறுபடி போட்டேன். டிக், டிக், டிக், பிறகு ஒன்றுமில்லை. அவருக்கு நாலாவது தடவை வந்தது என்று சொன்னதை நினைத்து நாலு தடவை போட்டேன். பிறகு நாற்பது தடவையும் போட்டிருப்பேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். கழற்றி உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டினேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி பாய் வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தோம். பாய் வீட்டம்மா அதற்காக மீன் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்தார்கள். வெளியே எடுத்துப் போட்டால் ஒரு தடவை சுற்றியது. எனக்கு உயிரே திரும்ப வந்தது. பத்து விநாடியில் கரகரவென்று உரசுகிற சத்தம் வந்து நின்றுபோனது. பிறகு அது எழவே இல்லை. சென்னையில் டேட்டா எடுத்துக் கொடுக்கிற ஆட்களுக்கு அனுப்பினோம். தட்டு கீறிவிட்டது, ஒன்றும் மிஞ்சாது என்று பின்னால் பதில் வந்தது.

மிச்சம் இருந்தது அறுபத்திரண்டு சதவீதம் எழுதப்பட்ட புது டிஸ்க் மட்டும்தான். அதை லேப்டாப்பில் மாட்டினேன். விண்டோஸ் வந்தது. ‘பாடம்’ ஃபோல்டரும் வந்தது. ஃபைல்களின் பெயர் எல்லாம் வரிசையாக, ஒன்று விடாமல் இருந்தது. ஒரு நிமிடம் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். பெயர்ப் பட்டியல் டிஸ்க்கின் முன்பகுதியில் இருக்கும், அதனால் அது வந்துவிட்டது. பெயருக்குரிய சத்தம் பின்பகுதியில் இருந்தால் அந்த இடம் வெறுமை. பழைய புத்தகங்கள் முழுதாகப் பாடின. அவை எப்படியும் சிடியாகப் பிள்ளைகளிடம் இருந்தன. புதிதாகப் பதிந்தது எல்லாம் டிஸ்க்கின் கடைசியில் இருந்தது. செல்வியின் மூன்று புத்தகங்களில் முதல் புத்தகத்தின் பாதியோடு சரி. மற்றவை தட்டினால் திறக்கவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்வி வந்துவிட்டாள். அன்றைக்கு வாங்கிப் போகலாம் என்று சொல்லியிருந்தேன், சாருக்கு முடியவில்லை என்று இவள் வந்திருந்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வந்த வரைக்கும் கேளும்மா என்று முதல் புத்தகத்தில் ஒரு ஃபைலைப் போட்டுக் காட்டினேன். அது பாதி மட்டும் வந்த ஃபைல் என்று எனக்கு அப்போது தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். சிரித்த முகமாக இருந்தாள். ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரியின் நடுவில் குரல் நின்றது. நேரம் காட்டுகிற கோடு மட்டும் நகர்ந்துகொண்டே போனது.

நிறுத்திரட்டுமாம்மா என்று கேட்டபடி நான் நிறுத்தப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. சார் பக்கம் புரட்டுவாரு.”

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பாய்தான் எழுந்து வந்து, ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, அம்மா இதுக்கு மேல இல்லைம்மா என்றார். அவள் ஹெட்போன் ஒயரைச் சுருட்டி மேஜையில் சரியான இடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். பாய் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்.

சாயந்திரம் பாயும் நானும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மகால் பக்கம் போனோம். டிஸ்க் போயிருச்சு சார் என்றேன். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. பூஜைக்காக நான்தான் அணைத்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

துளசிராம் சார் ஃபைல் பெயர்களை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நான்தான் லேட் பண்ணிட்டேன் தம்பி. சத்தம் வந்தப்பவே கொண்டாந்திருக்கணும்.”

ஆடி மாதமே கொண்டுவந்தார். ஆறு மாசம் ஓடும் என்று திருப்பி அனுப்பியது நான். அதையும் நான் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வைகைப் பாலத்தில் பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார். “நாளைக்காவது போய்ச் சொல்லிரு” என்றார். சரி என்றேன். போகவில்லை.

5. ஒன்றரை மாதம் கழித்து

அடுத்து நான் அந்த வீட்டுக்குப் போனது ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த பிறகு. அதுவும் நானாகப் போகவில்லை. லேப்டாப் சார்ஜர் வேலை செய்யவில்லை என்று அவருடைய மனைவி கடைக்குப் போன் செய்திருந்தார்கள். பாய் சார்ஜரை என் கையில் கொடுத்து, நீயே போ என்றார்.

சார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். வீட்டில் அவர்கள் பாஷையில்தான் பேசுவார்கள், என்னிடம் தமிழில் பேசும்போது யோசித்து யோசித்துப் பேசுவார்கள். லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தேன். ‘பாடம்’ ஃபோல்டரில் புதிதாக அறுபதுக்கு மேல் ஃபைல் இருந்தது. எல்லாம் விஜயதசமிக்கு மறுநாளிலிருந்து ஆபரேஷனுக்கு முதல் நாள்வரை பதிந்தவை. தொலைந்ததை முதலிலிருந்து மறுபடி வாசித்திருக்கிறார். ஒன்றைத் தட்டினேன். காற்றுத்தான் வந்தது, இடையிடையே வார்த்தை. தண்ணீர் குடிக்கிற சத்தம், இருமல், மறுபடி அதே வரி. மூன்று புத்தகமும் முடியவில்லை. இரண்டாவது புத்தகத்தின் நடுவில் நின்றிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா சொன்னார்கள்.

“நாலஞ்சு நாள்ல வாசிப்ப முடிச்சுட்டு, மிச்ச நாளை எங்களுக்குன்னு வச்சிருந்தார் தம்பி. பொண்ணும் மருமகனும் கோயம்புத்தூர்லேருந்து வந்திருந்தாங்க. எல்லாரும் சேந்து உக்காந்து பேசணும்னு. கடைசில எங்ககிட்டப் பேசறதுக்கு அவருக்குத் தொண்டை இல்லை. நான் லேட் பண்ணிட்டேன், செல்விக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு அதையே சொல்லிச் சொல்லி வாசிச்சார்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த மிச்ச நாள் அவர் வீட்டுக்குச் சேர வேண்டியது. அவருடைய குரலில் மிச்சம் இருந்த கடைசிச் சில நாள். அதை எடுத்துச் செலவழித்தது நான்.

சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி வாங்க என்று சாடை காட்டினார். இதற்கு மேல் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி மாதம் டிஸ்க்கில் சொத்தை இருந்தது தெரிந்தே ஆறு மாசம் ஓடும் என்று சொன்னது, புத்தகத்தை மட்டும் முதலில் காப்பி எடுக்காதது, அறுபத்திரண்டு சதவீதத்தில் நான் என் கையால் அணைத்தது, அணைத்ததன் காரணம். பாய் வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் கழுத்தில் தொங்கிய பென்சிலை எடுத்து, ஒரு நோட்டில் எழுதினார். எழுதி முடிக்க நேரம் ஆனது. என்னை ஏதோ கேட்கப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை. மனைவி பக்கம் திருப்பிக் காட்டினார். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

‘அப்ப நான் லேட் பண்ணலை.’

அந்த அம்மா அதைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் என்னைத் திட்டவில்லை. நான் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. சார்ஜரை வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்துதான் மாட்டினேன்.

செல்வி அந்த வருடம் பரீட்சை எழுதினாள், தேறவில்லை. பிறகு வேறு யாரோ வாசித்துக் கொடுத்து இரண்டு வருடம் கழித்து வேலை கிடைத்ததாகப் பாய் சொன்னார். துளசிராம் சாரை நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

என்னிடம் போனில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். டிஸ்க்கில் ‘டிக்’ சத்தம் ஒரு தடவை கேட்டாலும் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், உங்களைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. எத்தனை ஜிபி வேண்டும் என்று கேட்பதற்கு முன், இதில் மறுபடி செய்ய முடியாதது எது என்று கேளுங்கள். அதை முதலில் வேறு இடத்தில் வையுங்கள். குளோன், விண்டோஸ் எல்லாம் அப்புறம். ஓடிக்கொண்டிருக்கிற வேலையை முடியாமல் நிறுத்தாதீர்கள், எந்த நாளாக இருந்தாலும்.

இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது இன்னொன்று. வேலை உங்கள் கையால் கெட்டது என்றால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நான் சொன்னபோது என்னைத் திட்ட அவரிடம் குரல் இல்லை. அது தெரிந்துதான் அவ்வளவு நாள் கழித்துப் போனேனோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் இருக்கிறது.